ஒரு பாஸ்கூட இல்லை

"இன்னிக்கு ஆடப் போகணுமா? ஊரு இப்பத்தான் கொஞ்சம் அடங்கியிருக்கு" என்றாள் மனைவி பெர்னதெத்.

"நஞ்சுண்டன் இருக்கான்டி. சின்ன வயசு சிநேகம். எனக்கென்ன பயம்?" என்று கிளம்பிவிட்டான் சின்னப்பா.

தொண்ணூற்றொன்று கடைசி. காவேரித் தகராறில் பெங்களூர் பற்றி எரிந்து ஓய்ந்திருந்த நேரம். லிங்கராஜபுரம் ஹாலுக்குள் அவன் நுழைந்தபோது ஆட்டம் ஆரம்பித்திருந்தது. பக்கத்துக்கு ஐந்து பேர் ஆடுகிற உள்ளரங்கக் கால்பந்து. வாசலில் நாலைந்து புது ஆட்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்னப்பா அவசரமாக ஷூவை மாட்டிக்கொண்டு இறங்கினான்.

கோல் அடிப்பது சின்னப்பா. பந்து எடுத்துக் கொடுப்பது நஞ்சுண்டன். பந்து காலுக்கு வந்ததும், "வந்துட்டேன்டா மச்சான்!" என்று ஹாலே அதிரக் கத்துவான் சின்னப்பா. கன்னடக்காரன் நஞ்சுண்டனும் பதிலுக்குத் தமிழிலேயே, "போடுடா மச்சான்!" என்பான். வாராவாரம் நடக்கிற கூத்து.

அன்றைக்கு ஒரு பாஸ்கூட வரவில்லை.

கோலுக்கு முன்னால் தனியாக நின்று கையைத் தூக்கினான் சின்னப்பா. நஞ்சுண்டன் பார்த்தான். பார்த்துவிட்டு, பந்தைச் சுவரில் அடித்து வேறு பக்கம் கொண்டுபோனான்.

பக்கத்தில் போய் நின்றால், "சும்னிரு!" என்று கன்னடத்தில் சீறினான். சும்மா இருக்கணுமாம்!

அடப்பாவி! உங்களுக்கே கோபம் வருகிறதா இல்லையா? ஊரில் கலவரம் வந்தால் சிநேகமும் கட்சி மாறிவிடுமா?

வாய்விட்டுக் கேட்டு வாங்க சின்னப்பாவுக்கு ரோஷம். கடைசிவரை வாயையே திறக்கவில்லை. ஒரு கோலில் தோற்றார்கள்.

"வா, பின் கேட் வழியா போலாம்." இப்போது மட்டும் நஞ்சுண்டன் காதருகே வந்து தமிழில் பேசினான்.

வெளியே வந்ததும் சின்னப்பா வெடித்தான். "ஏன், என்கூட முன்வாசல்ல வந்தா கேவலமா? தமிழனுக்குப் பந்து போட்டா உங்க ஆளுங்க கோவிச்சுப்பாங்களா? உன்னை நம்பித்தானேடா வந்தேன்!"

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

நஞ்சுண்டன் அவன் தோளைப் பிடித்துச் சந்துக்குள் தள்ளிக்கொண்டே நடந்தான்.

"வாசல்ல நின்னாங்களே, ஆட்டத்துக்கு முன்னாடி என்கிட்ட கேட்டாங்க, 'உங்க டீம்ல தமிழன் எவனாவது இருக்கானா'ன்னு. ஒருத்தனும் இல்லேன்னுட்டேன்."

சின்னப்பா அப்படியே நின்றுவிட்டான். "அதுக்கு... பந்து போடாம ஏன்டா?"

"காலுக்குப் பந்து வந்தா நீ எந்த பாஷையில கத்துவேன்னு எனக்குத் தெரியாதாடா மச்சான்?"