லிவரில் கட்டிய டியூப்

தகடு அழுத்தும் பிரஸ் மெஷினை இயக்கும், லிவர் வைத்த வால்வு ஒழுகத் தொடங்கியிருந்தது. புதியதாக இரண்டு வகை மேசைமேல் இருந்தன. எது என்று முதலாளியின் மருமகனும் சூப்பர்வைசருமான தேவசகாயம்தான் சொல்ல வேண்டும். ஒன்றில் கையை எடுத்தாலும் லிவர் தள்ளிய இடத்திலேயே நிற்கும். பிரஸ் இறங்கிக்கொண்டே போகும். மற்றதில் கையை விட்டதும் லிவர் நடுவுக்குத் திரும்பும்; பிரஸ் நின்றுவிடும்.

"திரும்புறது வேண்டாம் சார். நாள் முழுக்கப் பிடிச்சுப் பிடிச்சு மணிக்கட்டு போச்சு," என்றாள் மெஷினை ஓட்டும் செங்கமலம். "அதையே வாங்கினா, பழையபடி கட்டிருவேன்."

பழைய லிவரை இழுத்துக் கட்டியிருந்த சைக்கிள் டியூபைப் பார்த்தான். பிறகு அவள் விரல்களை. ஆண்டவரை நினைத்துக்கொண்டு, திரும்புகிறதையே எடுத்தான்.

"மத்தியானத்துக்கு மேல லிவரை நான் பிடிக்கிறேன்க்கா. தினமும்."

"அப்ப உங்க வேலையை உங்க மாமனாரா பாப்பாரு?"

மூன்றாம் நாள் அவன் லிவரைப் பிடித்திருக்க, தகடு சரிந்ததென்று அவள் கை சட்டென்று உள்ளே போனது. அவன் விட்டான். வளையலுக்கு ஒரு விரற்கடை மேலே பிரஸ் நின்றது.

அவள் மெதுவாகக் கையை எடுத்தாள். மறுபடி கட்டவென்று இடுப்பில் செருகியிருந்த டியூபை உருவி நீட்டினாள். அவன் அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மறுபடி லிவரைப் பிடித்தான்.