வால்நட் தோப்புக்காரர்

"எல்லாரும் ரோட்டுக்கு நிலம் குடுத்தாச்சு. இந்த வால்நட் தோப்புக்காரர் மட்டும் ஏன் இழுத்தடிக்கிறாரு?" என்று கேட்டார் எஞ்சினியர் தஹியா. ஹரியானாவிலிருந்து குலு மலைக்குப் புதிதாக வந்தவர்.

"அவரு ஊர்லயே இல்லையே சார். மலைக்கு அந்தப் பக்கம் தங்கச்சியைப் பார்க்கப் போயிருக்காரு. இன்னைக்கு வந்துருவாரு" என்றாள் பஞ்சாயத்துத் தலைவி சுனிலா.

"வரட்டும், நானே பேசுறேன்."

"நேர்ல பேச மாட்டாரு. அவருக்காகப் பேச ஒரு ஆள் உண்டு."

"அவ்வளவு பெரிய மனுஷனா! இந்த ஏத்தத்துல எப்படி வருவாரு?"

"நாலு பேர் தூக்கிட்டு வருவாங்க."

"அடப்பாவமே, நடக்க முடியாதா?"

அவள் பதில் சொல்வதற்குள் மேளச் சத்தம் கேட்டது. வளைவில் சாமிப் பல்லக்கு தெரிந்தது. சுனிலா செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினாள்.

"இவருதான் சார் நிலத்துக்காரர்."

தஹியா அவசரமாக ஷூவைக் கழற்றினார். பல்லக்கைச் சுமந்து வந்த நாலு பேருக்கும் தலை நரைத்திருந்தது, மூச்சு இரைத்தது. சுனிலா ரோட்டு விஷயத்தைச் சொல்லிச் சம்மதம் கேட்டாள். பல்லக்கு முன்னும் பின்னும் ஆடியது. பல்லக்கோடு வந்த சாமியாடி உடல் நடுங்கக் கத்தினார்:

"எடுத்துக்கடா! சீக்கிரம் போடு ரோட்டை! என்னைத் தூக்குற பசங்க எல்லாம் கீழே மருந்து கம்பெனி வேலைக்குப் போயிட்டானுங்க. அடுத்த தடவை தங்கச்சி வீட்டுக்கு நான் ஜீப்லதான் போகணும்!"