கால் முன்னே பிறந்தவள்

ரப்பர்த் தோட்ட லயத்தின் தகரக் கூரைக்கடியில் பிற்பகல் வெக்கை தேங்கி நிற்கிறது. பத்து காஜா ஊர்ப் பக்கம் ஈயச் சுரங்க இயந்திரம் முனகுகிறது. பால்வாளியோடு மேடேறும்போது கெண்டைக்கால் சதை பிசகியதில் இருளாயி மூன்று நாளாகப் பாயோடு கிடக்கிறாள். நாளையும் விடியற்காலைப் பெரட்டில் பேர் கொடுக்கப் போய் நிற்காவிட்டால் அவள் பால் வெட்டும் மர நிரையைக் கங்காணி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். அடுத்த வீட்டு அங்காயி கால் முன்னே வரப் பிறந்தவள். அப்படிப்பட்டவர்கள் காலால் மூன்று தரம் நீவினால் பிசகு இறங்கிவிடும். ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு நேரே வந்தவள், சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஒருக்களித்து நீட்டிய இருளாயியின் காலைத் தன் பாதத்தால் நீவுகிறாள்.

"நாளைக்கு நின்னுருவியா அக்கா?"

"நின்னுதான் ஆகணும். நீவு."

மூன்றாவது தரம் பாதி வழியில் பாதம் நின்றுவிடுகிறது. அங்காயி வாய் திறந்து தூங்குகிறாள். நோகும் சதைமேல் அந்தக் கனத்தை அப்படியே விட்டுவிட்டு, அங்காயியின் குதிகாலில் காய்ந்து ஒட்டியிருக்கும் ரப்பர்ப் பாலை, அவள் தூக்கம் கலையாமல், இருளாயி நகத்தால் உரித்தெடுக்கிறாள்.