யார் சொன்னால் கேட்பார்?

தம்பியின் படிவம் மட்டும்தான் பாக்கி.

சாப்பாட்டு மேசையில் அதை விரித்து வைத்திருந்தாள் அக்கா. எதிரே சோபாவில், கால் இரண்டும் வெளியே தொங்க, கண்ணை மூடிக் கிடந்தான் அவன். மூன்று வாரமாகத் தெருத் தெருவாக ஓட்டுக் கேட்டுக் குரல் தேய்ந்துபோயிருந்தது.

மது உற்பத்தியாளர் சங்கத்தில் அவளுக்குத் தேர்தல் பிரிவு. எந்தக் கட்சியானாலும், போட்டியிடும் ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம் உண்டு. அதை வைத்துத்தான் நன்கொடை போகும்.

நன்கொடை வாங்கியவர் மறுநாளே மாறிவிடுவதில்லை. பிறகு சங்கத்திலிருந்து போன் போனால் எடுப்பார். அது போதும்.

தம்பி வாங்க மாட்டான். பள்ளிக்கூடங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் மதுக்கடைகளை மூடச் சட்டம் கொண்டுவருவேன் என்று சொல்லித்தான் ஓட்டே கேட்கிறான். நோட்டீஸ் அடிக்க வழியில்லாமல் கையால் எழுதி நகலெடுத்துக்கொண்டிருக்கிறான்.

“ஊர்ல நிக்கறவனுக்கெல்லாம் அனுப்பறீங்க. எனக்கு மட்டும் ஏன்க்கா ஓரவஞ்சனை? திருப்பி அனுப்பற சந்தோஷத்தையாவது குடுங்களேன்” என்றான், கண்ணைத் திறக்காமலே.

“பேசாம தூங்குடா, தலைவரே.”

படிவத்தின் முதல் கேள்வி: எதற்குக் கோபப்படுவார்? ‘பொய்க்கு’ என்று எழுதினாள்.

எதற்கு இளகுவார்?

எதற்குத்தான் இளகமாட்டான்? சின்ன வயதில் நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்ட பிள்ளை. சிரிப்பை அடக்கிக்கொண்டு ‘எதற்கும் இல்லை’ என்று எழுதினாள். யாரோ ஒரு முரடனைப் பற்றி எழுதுவதுபோல் இருந்தது.

கடைசிக் கேள்வி: யார் சொன்னால் கேட்பார்?

படிவத்தின் உயிர் அந்தக் கட்டத்தில்தான் இருந்தது. சங்கத்தின் கையைத் தட்டிவிடுகிறவர், தன் வாத்தியார் கையையோ மாமனார் கையையோ தட்டிவிடமாட்டார். அந்தக் கட்டத்தில் யார் பெயர் இருக்கிறதோ, அவர் வழியாகவே பணம் போகும்.

எந்தக் கல்லூரியில் சேர்வது, எந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்வது என்று எல்லாவற்றையும் தம்பி அக்கா ஒருத்தியிடம்தான் முதலில் கேட்டான். இந்தத் தேர்தலுக்குக்கூட, “நில்லுடா, பாத்துக்கலாம்” என்று அவள் சொன்ன பிறகுதான் மனுவே போட்டான்.

பேனா கொஞ்ச நேரம் காகிதத்தைத் தொடாமல் நின்றது.

பிறகு ‘யாருமில்லை’ என்று அழுத்தி எழுதினாள். போனில் படமெடுத்துச் சங்கத் தலைவருக்கு அனுப்பினாள். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து சங்கத்திடம் அவள் பொய் சொன்னது இதுதான் முதல் தடவை. நெஞ்சு லேசானது. அடுப்பில் பாலைக்கூட மறந்துவிட்டு, தூங்குகிற முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதில் உடனே வந்தது.

“பதினோரு வருஷத்துல, எவ்வளவு கெட்டிக்காரனா இருந்தாலும் அவனுக்கு ஒரு ஆளைக் கண்டுபிடிச்சுக் குடுத்திருக்கீங்க. ‘யாருமில்லை’ன்னு நீங்க எழுதினதே இல்லையேம்மா. அதுவும் சொந்தத் தம்பிக்கு. புரியுது. செக்கை உங்க கையிலயே குடுத்துடறேன்.”

இரண்டு தரம் படித்தாள். போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“அக்கா, தொண்டை எரியுதுக்கா.”

எழுந்து போய் மாத்திரையும் தண்ணீரும் எடுத்து வந்தாள். கண்ணை மூடியபடியே அவன் கையை நீட்டினான்.

அவள் கொடுக்கவில்லை.

“என்ன மாத்திரைன்னு கேக்கவே மாட்டியாடா?”

“நீ குடுக்கறதையா?”

விரித்த உள்ளங்கை அப்படியே காத்திருந்தது.