கிடங்கு அட்மிரல்

“அட்மிரல் பாஷாவுக்கு இன்னும் ரெண்டு பேரீச்சம்பழம் வை அக்கா. போர்முனையிலேர்ந்து களைச்சு வந்திருக்காருல்ல!”

தம்பி ஸக்லூல் ‘பாஷா’ என்று மரியாதைப் பட்டம் வைத்துச் செய்த கிண்டலில் இனாயத்துக்கு முகம் சிவந்தது. அவள் கணவர் லபீப் மட்டும் பருப்பு சூப்பைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

நோன்பு திறக்கும் நேரத்தை அறிவிக்கும் பீரங்கி முழங்கி ஓய்ந்திருந்தது. யுத்தம் தொடங்கி இரண்டாம் நாள். நம் படை கால்வாயைத் தாண்டிவிட்டது என்று அலெக்ஸாந்திரியாவே தெருவில் நின்று கூத்தாடியது. மாடிக்கு மாடி ரேடியோ அலறியது.

வாழ்நாளெல்லாம் கடலில் கிடந்த மனிதர் இப்போது பார்த்து வீட்டில் சூப் குடிக்கிறார்! ‘கஸ்வரா’ போர்க்கப்பலைக் கண்ணைப்போல் காத்தவர். போன வசந்தத்தில் மேலிடத்தோடு ஏதோ தகராறு என்று கப்பலைப் பிடுங்கிக்கொண்டு, அது நிற்கும் அதே செங்கடல் துறைமுகத்தில் ஒரு கிடங்குக்குப் பொறுப்பாகப் போட்டுவிட்டார்கள். என்ன தகராறு என்று கேட்டால் பதில் கிடையாது. உறவுக்காரர் கல்யாணங்களுக்குப் போவதையே இனாயத் விட்டுவிட்டாள்.

“யுத்தம்னதும் ஊருக்கெல்லாம் லீவு ரத்து. உங்களுக்கு மட்டும் லீவு கொடுத்து அனுப்பியிருக்காங்க. மச்சான், நிஜமாச் சொல்லுங்க, அந்தக் கிடங்குல நீங்க எலிங்களுக்குத்தான் தளபதியா?”

“எலி நிறைய இருக்குடா. ஒண்ணு ரெண்டு உன்னை மாதிரியே பேசும்.”

ஸக்லூல் சிரித்துக்கொண்டே ரேடியோவைத் திருகினான். எதிரி வானொலியின் அரபுச் செய்தி வந்து மாட்டியது.

“...செங்கடல் துறைமுகத்தில் நின்ற எகிப்தின் ‘கஸ்வரா’வை எங்கள் விமானங்கள் மூழ்கடித்தன. அதிலிருந்து ஒருவர்கூடத் தப்பவில்லை...”

இனாயத்தின் கையிலிருந்து கிண்ணம் நழுவி உடைந்தது. மேல்மாடியிலிருந்து ஓர் அலறல். புஸைனா! அவள் கணவன் ரஅஃபத் ‘கஸ்வரா’வின் பீரங்கி அதிகாரி. அந்தக் கல்யாணத்தை முடித்துவைத்ததே இனாயத்தான். வெறுங்காலோடு ஓடிவந்த புஸைனா வாசற்படியிலேயே சரிந்தாள்.

“மூழ்கிடுச்சா?” லபீப் துள்ளி எழுந்தார். “அவங்க வாயாலயே சொன்னாங்களா? ‘கஸ்வரா’ன்னு பேரோட சொன்னாங்களா?”

சொன்னவர் ரேடியோவைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டார். கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

ஸக்லூல் பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்தான்.

“மனுஷனாய்யா நீ? உன்னை இறக்கிவிட்ட கப்பல் மூழ்கினா இவ்வளவு சந்தோஷமா? எத்தனை பிள்ளைங்க அதுல!”

“நம்ம வீட்டு ரொட்டியைத் தின்ன பிள்ளைங்கங்க...” என்றாள் புஸைனாவை மடியில் சாய்த்துக்கொண்டிருந்த இனாயத். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக கணவரின் முகத்தைப் பார்க்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

“சட்டையை அப்புறம் கிழிடா. முதல்ல கெய்ரோவைப் போடு!”

ஸக்லூல் பிடியை விடவில்லை. லபீப்பே கையை நீட்டி ரேடியோவைத் திருகினார். படைப் பாட்டு ஒன்று இழுத்துக்கொண்டே போனது. லபீப்பின் சிரிப்பும் மெல்ல அடங்கிவிட்டது. உதடு மட்டும் ஏதோ துஆவை முணுமுணுத்தது. சட்டெனப் பாட்டு நின்றது.

“முக்கியச் செய்தி! சில நாட்களுக்கு முன் ரகசியமாகப் புறப்பட்ட நம் ‘கஸ்வரா’ சற்றுமுன் செங்கடலின் தெற்கு வாயிலை அடைத்துவிட்டது. எதிரியின் எண்ணெய்க் கப்பல்கள் திரும்பி ஓடுகின்றன. நம் தரப்பில் எவருக்கும் காயமில்லை!”

தெருவே வெடித்ததுபோல் ஆரவாரம் எழுந்தது. புஸைனா தலையைத் தூக்கினாள். ஸக்லூலின் கை தானாகச் சட்டையை விட்டது.

“அப்போ... துறைமுகத்துல மூழ்கினது எது பாஷா?” என்றாள் புஸைனா.

லபீப் அவள் தலையில் கை வைத்தார்.

“இத்தனை மாசமா அந்தக் கிடங்குக்குள்ள பலகையும் தகரமும் வெச்சு, அச்சு அசலா நான் கட்டின ‘கஸ்வரா’ம்மா!”