பொட்டு வைத்த பனிமலை

வைக்கிங்குகள் போன வழியில் போகும் அந்த உல்லாசக் கப்பலில் பயணிகளுக்குக் காட்டக் கடலில் மிதக்கும் பனிமலை ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. பயணிகள் சாப்பிடும் நேரத்தில் அதைப் படகில் கட்டி, அடுத்த துறைக்கு இழுத்துப்போய் நிறுத்துவது தூத்தூர் மீனவன் ரெஜீசின் வேலை. ஐஸ்லாந்தில் அதற்கு ஒரு பெயர், கிரீன்லாந்தில் வேறு பெயர். குட்டு உடைந்தால் வேலை போய்விடும்.

ஈரோட்டு நாச்சிமுத்துவும் மனைவி மயிலாத்தாளும் ஏறியதில்தான் வம்பு வந்தது. கிரைண்டரோ ஸ்கூட்டரோ, புதிதாக எதைப் பார்த்தாலும் பொட்டு வைத்துவிடுவார் அந்த அம்மாள். ஐஸ்லாந்தில் ரப்பர் படகிலிருந்து எக்கிப் பனிமலைக்கும் குங்குமத்தை அப்பிவிட்டார்.

கிரீன்லாந்துப் பனிமலையும் அதே பொட்டோடு நின்றது.

மயிலாத்தாள் அவனை ஓரமாகக் கூப்பிட்டார். "கண்ணு, பொட்டு பளிச்சுன்னு தெரியுது. நாளைக்குத் திருப்பி நிறுத்திரு. இது வேற மலைன்னு எங்கூட்டுக்காரரு ஆசையா போட்டோ எடுத்துட்டிருக்காரு."

அம்மாள் நகர்ந்ததும் நாச்சிமுத்து வந்தார். "தம்பி, அந்தப் பொட்டைக் கொஞ்சம் வழிச்சு உட்ருங்க. எங்கூட்டு அம்மிணி பாத்தா மனசு ஒடைஞ்சு போயிருவா."

ரெஜீஸ் பொட்டையும் சுரண்டினான், மலையையும் திருப்பினான்.

மறுநாள் அடுத்த துறையில் அது உருகி மினிபஸ் அளவுக்கு வந்திருந்தது. கணவனும் மனைவியும் கம்பியில் சாய்ந்து, ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, ஒரே குரலில் கூவினார்கள்:

"அடேங்கப்பா! நேத்து பாத்ததவிட இது எவ்வளவு பெருசு!"