மீன் சாட்சி

இடுப்பு விட்டுப்போயிருந்தது. விடிந்ததிலிருந்து சாக்கடை வந்து விழும் வாயில் நின்று, கம்பித் தடுப்பில் சிக்கிய கந்தலையும் பாலித்தீன் பையையும் வாரி இழுத்த இடுப்பு. அதைப் பிடித்துக்கொண்டே ஆப்பரேட்டர் ஆபீசுக்குள் வந்தார். கண்ணாடித் தொட்டியில் ஒன்பது மீன்களும் வயிறு மேலாக மிதந்தன.

ஊர்க் கழிவுநீரைச் சுத்தம் செய்து ஏரியில் விடுகிற நிலையம் அது. விடுவது நல்ல தண்ணீர்தான் என்று காட்ட, அதே தண்ணீரைத் தொட்டியில் நிரப்பி, மீன்குஞ்சு வாங்கி விட்டு வளர்த்தவர் ஆப்பரேட்டர். பதினோரு வருஷத்தில் இப்படி ஒருநாளும் ஆனதில்லை.

"பாத்தியா, உன் கக்கூஸ் தண்ணியோட லட்சணத்த?" மேனேஜர் மூக்கில் கைக்குட்டையோடு நின்றார். ஷூவில் சேறு ஒட்டுமென்று ரெண்டு வருஷமாக ஆபீஸ் வாசலைத் தாண்டாத மனிதர்.

"நேத்து சாயந்திரம் நான் கிளம்புறப்ப நல்லாத்தான் நீந்துச்சு சார்."

"ஏன், மீன் உங்கிட்ட வந்து சொல்லிச்சா? யோவ், பத்து மணிக்கு ஆய்வுக்கு வர்றாங்க. உன் கவனக்குறைவுன்னு இந்தக் காகிதத்துல கையெழுத்துப் போட்டுட்டு, நாளையிலேருந்து நின்னுக்க. நாத்தத்துலயே கிடந்தவனுக்கு மூளை எங்க இருக்கும்?"

ஆப்பரேட்டர் குனிந்து தொட்டியைப் பார்த்தார். அடியில் கிடந்த கூழாங்கல்லின் வரிகூடத் தெரிந்தது. என்னதான் சுத்தம் செய்தாலும் அவருடைய தண்ணீரில் லேசாக ஒரு டீ நிறம் நிற்கும். இவ்வளவு தெளிவு அவருக்கே புதுசு.

அவர் பேனாவை எடுப்பதற்குள் ஆய்வாளர் அம்மா உள்ளே வந்துவிட்டார். மேனேஜர் கைக்குட்டையை ஒளித்துக்கொண்டு இளித்தார்.

"இவன்தான் மேடம் காரணம். படிக்காத ஆளு. இன்னியோட வேலைய விட்டுத் தூக்கிட்டேன்."

அம்மா ஆளைப் பார்க்கவில்லை, மீனைப் பார்த்தார். "இது ஏரிக்குப் போற தண்ணியா?"

"அதேதான் மேடம்." மேனேஜர் ஆப்பரேட்டரைக் கைகாட்டினார். "ஐயாவோட கைவண்ணம்."

"ஒரே ராத்திரியில மொத்த மீனையும் கொன்னிருக்கு. இதையா ஏரியில விடுறீங்க? ஒரு ஆளத் தூக்கி என்ன ஆகப் போவுது? நிலையத்தையே மூடணும். அனுமதிய ரத்து பண்ண இப்பவே எழுதுறேன்."

பையிலிருந்து படிவம் வெளியே வந்தது. மேனேஜரின் முகம் சுண்டிப்போனது. ஆப்பரேட்டர் போனால் இன்னொருத்தன் வருவான். அனுமதி போனால் தன் நாற்காலியே போய்விடும். அந்த அளவுக்கு அவருக்கும் கணக்குத் தெரியும்.

"மேடம், எழுதாதீங்க மேடம்! அது ஏரிக்குப் போற தண்ணி இல்ல. நீங்க வர்றீங்களே, பளிச்சுன்னு இருக்கட்டுமேன்னு, நேத்து இந்தாளு போனப்புறம் நான்தான் மாத்தச் சொன்னேன். சுத்தமான குடிதண்ணி மேடம், என் ரூம் குழாயில புடிச்சது!"

அம்மா படிவத்தை மடித்தார். "குளோரின் வாடை மாறாத குழாய்த் தண்ணியில மீனப் போட்டா, சாகாம என்ன செய்யும்?"

ஆப்பரேட்டர் கையெழுத்துப் போடாத காகிதத்தை நாலாக மடித்து மேனேஜரின் சட்டைப் பையில் செருகினார்.

"ஒன்பது மீன் நீங்க எனக்குத் தரணும் சார்."